ஃபேசிங் போட்ட ஹெட் தாங்காதா?

தை பிறந்து சம்பா அறுவடை சூடு பிடித்ததும் மயிலாடுதுறை, குத்தாலம், சீர்காழி, தரங்கம்பாடி வட்டாரங்களில் பட்டறைகளுக்கும் வேலை குவிகிறது. வயலில் ஓடிக்கொண்டிருந்த அறுவடை இயந்திரம் ஆவி கக்கி நிற்கிறது. டிராக்டரின் ரேடியேட்டரில் குமிழி கிளம்புகிறது. டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால்போல வெளுத்திருக்கிறது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்ததும், கூடியிருப்பவர்களில் யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: "ஃபேசிங் போட்டா தாங்காதுங்க. புது ஹெட்டா வாங்கிப் போட்டுடுங்க."

கேட்பவருக்கு இது அனுபவசாலியின் சொல்லாகவே படுகிறது. உதிரிபாகக் கடைக்காரர் தலையாட்டுகிறார். பக்கத்து ஊரில் ஃபேசிங் போட்ட வண்டி இரண்டே வாரத்தில் பட்டறைக்குத் திரும்பிய கதையை டிரைவர் எடுத்துவிடுகிறார். உரிமையாளர் நகையை அடகு வைத்தாவது புது ஹெட் வாங்கக் கிளம்பிவிடுகிறார். விதிபோல நிலைத்துவிட்ட இந்தக் கருத்து தவறு. கெட்டுப்போன ஹெட் முகத்தைச் சீவிச் சமமாக்கிச் சரிசெய்ய முடியும்; ஃபேசிங் என்பது அதுதான். அளந்து, முறையாகச் செய்தால் அந்த ஹெட் புது ஹெட்டுக்கு இணையாக உழைக்கும். திரும்பி வரும் வண்டிகள் வேறு காரணங்களால் திரும்பி வருகின்றன. பழி மட்டும் ஃபேசிங்மேல் விழுகிறது.

ஹெட்டும் பிளாக்கும் சேரும் அந்த முகத்தின் வேலை லேசானதல்ல. எரியும் வாயுவைச் சிலிண்டருக்குள்ளும், தண்ணீரை அதன் வழியிலும், ஆயிலை அதன் வழியிலும் ஒன்றோடொன்று கலக்காமல் நிறுத்த வேண்டும். பழைய மாஸி 35 டிராக்டரில் இருந்த மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் 3.152 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் விட்டம் 91.4 மி.மீ. டீசல் எரியும் கணத்தில் உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அழுத்தம் என்று வைத்தால், ஒரே சிலிண்டரிலிருந்து ஹெட்டை மேலே தள்ளும் விசை நாலரை டன்னைத் தாண்டும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் இது மணிக்கு 60,000 முறை நடக்கிறது. இத்தனையையும் தாங்கி நிற்பவை ஒரு மெல்லிய கேஸ்கெட்டும், அதை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளும், இரண்டு தட்டையான முகங்களும்தான்.

எவ்வளவு தட்டை? மாருதி 800, ஆம்னி ஹெட்டுக்குச் சுசுகி கையேடு அனுமதிக்கும் கோணல் 0.05 மி.மீ., அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. இதைக் கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ சொல்ல முடியாது. நேர்விளிம்புப் பட்டையை ஹெட்டின்மேல் நீளவாக்கில், குறுக்கில், மூலைக்கு மூலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். ஆனால் "தாங்காது" என்ற தீர்ப்பு பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

அந்தத் தீர்ப்புக்குச் சொல்லப்படும் முதல் காரணம் கம்ப்ரஷன். ஃபேசிங் போட்டால் ஹெட்டின் உயரம் குறையும், கம்ப்ரஷன் ஏறும், இன்ஜின் தட்டும், அப்புறம் பிஸ்டனே போய்விடும் என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் டெல்டாவில் ஓடும் டிராக்டர்களிலும் அறுவடை இயந்திரங்களிலும் பெரும்பாலானவை நேரடியாகச் சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் இன்ஜின்கள். அவற்றில் எரியும் குழி பிஸ்டன் தலையில் இருக்கிறது. ஹெட்டின் முகம் வெறும் தட்டை. தட்டையான முகத்தில் கால் மில்லிமீட்டர் சீவினாலும், அதே தடிமன் கேஸ்கெட்டைப் போட்டால் பிஸ்டனுக்கு மேலுள்ள இடம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மாறுவது வேறு இரண்டு. வால்வுகள் அந்த அளவுக்குப் பிஸ்டனை நெருங்குகின்றன. இன்ஜெக்டர் மூக்கு அதே அளவுக்கு வெளியே நீள்கிறது. வால்வு சீட்டைக் கொஞ்சம் ஆழமாக வெட்டி முதலாவதைச் சரிசெய்யலாம். இன்ஜெக்டருக்கு அடியில் போடும் செம்பு வாஷரின் தடிமனை மாற்றி இரண்டாவதைச் சரிசெய்யலாம். இரண்டையும் டெப்த் கேஜால் அளக்கலாம். அளக்காமல் சீவிவிட்டு, வால்வு பிஸ்டனில் தட்டியதும் "பார்த்தீர்களா, ஃபேசிங் போட்டதன் வினை" என்பதில் நியாயம் இல்லை.

எரியும் குழி ஹெட்டிலேயே உள்ள பெட்ரோல் இன்ஜினில் கம்ப்ரஷன் ஏறத்தான் செய்யும். எவ்வளவு என்பதே கேள்வி. மாருதி 800 இன்ஜின் 796 சி.சி., மூன்று சிலிண்டர், சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ. அதன் கம்ப்ரஷன் விகிதம் 8.7 என்று வைத்துக்கொண்டு 0.2 மி.மீ. சீவினால், குழியின் கொள்ளளவு அதிகபட்சம் முக்கால் சி.சி. குறையும். விகிதம் 8.7-லிருந்து 8.9-ஐத் தொடாமலே நின்றுவிடும். இதற்காக ஒரு நல்ல ஹெட்டைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவது அநியாயம்.

இரண்டாவது காரணம் அனுபவம். ஃபேசிங் போட்ட வண்டி திரும்பி வருகிறது என்பது. இது பொய்யல்ல, வரத்தான் செய்கிறது. அதனால்தான் இந்தக் கருத்துக்கு இவ்வளவு பலம். ஏன் வருகிறது என்று தேடிப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். கொள்ளிடம் ஆறு பழையாறு என்ற ஊரருகே கடலில் கலக்கிறது. ஆற்றில் தண்ணீர் வற்றும் மாதங்களில் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. சீர்காழி, தரங்கம்பாடி கரையோர ஊர்களில் போர்த் தண்ணீர் உப்புக் கரிப்பதை அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடிக்க மறுக்கும் அந்தத் தண்ணீரைத்தான் ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். உப்பில் உள்ள குளோரைடு அலுமினியத்தை அரித்துப் பொத்தல் போடும். தண்ணீர்த் துளைகளின் விளிம்பில் தொடங்கும் அரிப்பு, கேஸ்கெட்டின் வளையம் உட்காரும் இடத்தை நோக்கி நகரும். வார்ப்பிரும்பு ஹெட்டில் துரு அதே வேலையைச் செய்யும். கடின நீரின் சுண்ணாம்புப் படிவு தண்ணீர் அறைகளில் ஒட்டும். அந்தப் படிவு வார்ப்பிரும்பு கடத்துவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வெப்பத்தைக் கடத்துவதால், வால்வுகளுக்கு இடைப்பட்ட பகுதி காந்திப்போகும். ஹெட்டைச் சீவி, புது கேஸ்கெட் போட்டு, மறுபடியும் அதே போர்த் தண்ணீரை ஊற்றி அனுப்பினால் வண்டி திரும்பி வரத்தான் செய்யும். புது ஹெட் போட்டிருந்தாலும் வந்திருக்கும்.

"நம்ம ஊரில் பனி உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. உறைபனியைத் தடுப்பது கூலண்ட்டின் ஒரு வேலை மட்டுமே. துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. கொதிநிலையையும் அது உயர்த்தும். ரேடியேட்டர் மூடியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 0.9 கிலோ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி இருந்தால் தண்ணீர் 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் செத்த மூடியோ, மூடிக்குப் பதில் துணிப் பந்தோ இருந்தால் 100 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். ஆவி நிற்கும் இடத்தில் இரும்பு குளிராது.

அடுத்தது வயல். சம்பா அறுவடையில் பறக்கும் பதரும் வைக்கோல் தூசும் ரேடியேட்டர் துடுப்புகளை அடைத்துவிடுகின்றன. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் உழும் டிராக்டரின் ரேடியேட்டரில் சேறு தெறித்துக் காய்கிறது. முழுச் சுமையில், மெதுவான ஓட்டத்தில், காற்றே புகாமல் இன்ஜின் சூடேறுகிறது. ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்கு 23 மைக்ரான் நீளும். வார்ப்பிரும்பு ஏறக்குறைய 11 மைக்ரான்தான் நீளும். 400 மி.மீ. நீள அலுமினிய ஹெட் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் 0.9 மி.மீ. நீளப் பார்க்கும். அடியில் உள்ள இரும்பு பிளாக் அதில் பாதிதான் நீளும். போல்ட்டுகள் விடாமல் பிடித்திருப்பதால் ஹெட் நடுவில் வளைந்துவிடும். ஆவி வந்ததும் பதறிப்போய் வாய்க்கால் தண்ணீரைக் கொதிக்கும் இன்ஜினில் ஊற்றுபவர், வளைவோடு விரிசலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்.

இனி பட்டறைக்குள் நடப்பது. சர்ஃபேஸ் கிரைண்டரோ சரியான மில்லிங் மெஷினோ இல்லாத இடத்தில் ஹெட்டை லேத்தில் கட்டிக் கடைகிறார்கள். நல்ல கை பட்டால் அதுவும் சரிதான். ஆனால் லேத்தின் படுக்கை தேய்ந்திருந்தாலோ கட்டிங் டூல் மழுங்கியிருந்தாலோ, முகம் நடுவில் குழிந்து, வட்ட வட்டமாகக் கோடு விழுந்து வெளியே வரும். முகம் எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதைக் கேஸ்கெட்தான் முடிவு செய்கிறது. பழைய வகைக் கலவை கேஸ்கெட்டுக்கு லேசான சொரசொரப்பு இருக்கலாம். பல அடுக்கு எஃகுத் தகட்டில் செய்த இன்றைய கேஸ்கெட்டுக்கு அதைவிட மிக நுண்ணிய முகம் தேவை. கோடு விழுந்த முகத்தின்மேல் எஃகு கேஸ்கெட்டை உட்கார வைத்தால் அந்தக் கோடுகளின் வழியே வாயு கசியும். எமரித் தாளைக் கண்ணாடிமேல் ஒட்டித் தேய்ப்பது, அனபாண்ட் பசை தடவி இறுக்குவது, ஒன்றுக்கு இரண்டு கேஸ்கெட் போடுவது ஆகியவற்றை ஃபேசிங் கணக்கில் சேர்ப்பது பெரிய அநீதி. வளைந்த ஹெட்டைக் கையால் தேய்த்துச் சமமாக்க முடியாது. சிலிண்டர் வாயில் வரும் சூட்டையும் அழுத்தத்தையும் எந்தப் பசையும் தாங்காது.

ஹெட்டை மட்டும் பார்த்துவிட்டு பிளாக்கைப் பார்க்காமல் விடுவது இன்னொரு பெரும் பிழை. வெட் லைனர் போட்ட இன்ஜின்களில் லைனரின் விளிம்பு பிளாக்கின் முகத்தைவிட மயிரிழை அளவுக்கு மேலே நிற்க வேண்டும். அந்தத் துருத்தல்தான் கேஸ்கெட்டின் வளையத்தை அமுக்கிப் பிடிக்கிறது. லைனர் உட்காரும் படி அரித்துப்போய் ஒரு லைனர் மட்டும் கீழே இறங்கிவிட்டால், அந்தச் சிலிண்டரில் கேஸ்கெட் மறுபடி மறுபடி போகும். ஹெட்டை எத்தனை முறை சீவினாலும், எத்தனை புது ஹெட் வாங்கினாலும் இது தீராது. டயல் கேஜை வைத்து நான்கு இடத்தில் அளந்தால் தெரிந்துவிடும் விஷயம் இது.

பிறகு போல்ட். டார்க் ரென்ச்சில் நாம் கொடுக்கும் விசையில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது; மிஞ்சும் ஒரு பங்குதான் ஹெட்டை அமுக்குகிறது. மரையில் துரு ஏறியிருந்தால் அந்த ஒரு பங்கும் தேய்ந்துபோகும். ரென்ச் சரியான அளவைக் காட்டும். ஹெட் தளர்ந்தே இருக்கும். மூடிய துளையின் அடியில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் போல்ட் அதைத்தான் அமுக்கும்; ஹெட்டை அல்ல. பிளாக் வெடிக்கவும் கூடும். துளைகளைக் காற்றடித்துக் காயவைத்து, மரையைச் சுத்தம் செய்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேடு சொல்லும் வரிசையில், இரண்டு மூன்று கட்டமாக இறுக்க வேண்டும். நீண்டு கொடுக்கும்படி செய்யப்பட்ட போல்ட்டுகளைத் திரும்பப் போடக் கூடாது. இத்தனையும் டார்க் ரென்ச் இல்லாமல், நீளக் குழாயை ஸ்பேனரில் செருகி இழுக்கும் பட்டறையில் நடக்க வழியில்லை.

"சீவினால் கோணல் போகும், சரி. தண்ணீர்த் துளையோரம் விழுந்த குழியை என்ன செய்வீர்கள்?" என்பது மூன்றாவது வாதம். இதற்கும் விடை உண்டு. அலுமினிய ஹெட் என்றால், அரித்த இடத்தைப் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை சுரண்டி, ஹெட்டை முன்கூட்டியே சூடாக்கி, ஆர்கான் வெல்டிங்கில் மேடு கட்டி, மெதுவாக ஆறவைத்து, அதன் பிறகே சீவ வேண்டும். வெல்டிங்குக்கு முன்பே சீவினால் அந்தச் சூட்டில் முகம் மறுபடி கோணும். வளைந்த ஹெட்டை அப்படியே கட்டிச் சீவினால் கீழ் முகம் நேராகும். மேலே கேம் ஷாஃப்ட் ஓடும் பாதை வளைந்தே இருக்கும். அதனால் கனமான எஃகுத் தட்டில் பிணைத்து, உலையில் சூடேற்றி முதலில் நிமிர்த்துகிறார்கள். வார்ப்பிரும்பில் நிக்கல் ராடு கொண்டு வெல்டிங் செய்யலாம். தீ படாத பகுதியில் உள்ள விரிசலை உலோக முளைகளால் தைக்கும் முறையும் உண்டு. அதில் சூடே கிடையாது என்பதால் புது விரிசல் பிறக்கும் பயமும் இல்லை. தண்ணீர்த் துளை ஓரக் குழியை உலோகப் பசையால் அடைப்பது சில இடங்களில் செல்லும். சிலிண்டர் வாயைச் சுற்றிய வளையம் உட்காரும் இடத்தில் மட்டும் அது எந்நாளும் செல்லாது.

நாலாவது வாதம்தான் எல்லோரையும் வாயடைக்க வைப்பது: புதுசு என்றால் நிம்மதி. எதில் நிம்மதி? ரேடியேட்டர் அதே ரேடியேட்டர், தண்ணீர் அதே தண்ணீர், இறங்கிய லைனர் அதே லைனர். ஹெட்டை மட்டும் மாற்றினால் விலை கூடிய கேஸ்கெட் மாற்றம்தான் நடந்திருக்கிறது. தவிர, கம்பெனி ஹெட் கிடைக்காதபோது கடையில் கிடைக்கும் ஹெட் எந்த வார்ப்படத்தில் வார்த்தது என்பது பல நேரம் வாங்குபவருக்குத் தெரியாது. முகம் தட்டையா, வால்வு சரியான ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று புது ஹெட்டையும் அளந்துதான் மாட்ட வேண்டும். பழைய ஹெட்டோ பல வருடச் சூட்டிலும் குளிரிலும் ஓடி, வார்ப்பின் உள்ளிறுக்கம் தளர்ந்து, நிலைபெற்றுவிட்டது. விரிசல் இல்லை என்று அழுத்தச் சோதனையில் தேறிய பழைய வார்ப்பு நம்பத்தக்க வார்ப்பு.

பெரிய இன்ஜின்களை நடத்துபவர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. 1928-ல் அது திருச்சி பொன்மலைக்கு இடம் மாறியது. நீராவி இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டிய அந்தப் பணிமனை பின்னாளில் டீசல் இன்ஜின்களையும் கையில் எடுத்தது. ரயில்வேயின் ஆல்கோ வகை இன்ஜினில் சிலிண்டருக்கு ஒரு ஹெட். பதினாறு சிலிண்டருக்குப் பதினாறு ஹெட். அவற்றைக் கழற்றி, சோதித்து, சீட்டையும் முகத்தையும் புதுப்பித்துத் திரும்பப் பூட்டுவது அங்கே வழக்கமான பராமரிப்பின் ஒரு பகுதி. அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம் 1973-லிருந்து பழைய பாகங்களைப் புதுப்பித்து விற்பதைத் தனித் தொழிலாகவே நடத்துகிறது; எந்த ஹெட்டை எந்த அளவு வரை சீவலாம், எதை ஒதுக்க வேண்டும் என்று அளவுகளோடு வழிகாட்டி வைத்திருக்கிறது. ரயிலை இழுக்கும் இன்ஜினுக்கும் சுரங்க லாரிக்கும் தாங்குவது, மூன்று சிலிண்டர் டிராக்டருக்குத் தாங்காது என்றால் அதற்கு யாராவது காரணம் சொல்ல வேண்டும்.

ஒதுக்க வேண்டிய ஹெட்டுகளும் உண்டு; அதை மறைத்தால் வாதம் நேர்மையாகாது. வால்வு சீட்டுகளுக்கு நடுவே ஓடும் விரிசல் தண்ணீர் அறையைத் தொட்டிருந்தால் பெரும்பாலும் ஒதுக்கத்தான் வேண்டும். கையேடு சொல்லும் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போன ஹெட்டைச் சீவக் கூடாது. தண்ணீரே இல்லாமல் ஓடிக் காய்ந்த அலுமினிய ஹெட் பதம் இழந்து மென்மையாகியிருக்கும். கடினத்தைச் சோதிக்கும் கருவியில் அது தேறாவிட்டால் எவ்வளவு அழகாகச் சீவினாலும் போல்ட்டுக்கு அடியில் அமுங்கிவிடும். சில தயாரிப்பாளர்கள் தங்கள் ஹெட்டைச் சீவவே கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்; அதை மதிக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் அளந்து பார்த்துச் சொல்லும் காரணங்கள். "தாங்காதுங்க" என்பது அப்படிப்பட்ட காரணம் இல்லை.

இதில் இழப்பு விவசாயிக்குத்தான். சம்பா அறுவடைக்குச் சில வாரங்கள்தான் கிடைக்கும். கதிர் சாய்ந்து கிடக்கும்போது ஒரு மழை பிடித்தால் நெல் முளைத்துவிடும். சேலம், நாமக்கல் பக்கமிருந்தும் இயந்திரங்கள் வந்தால்தான் வேலை முடியும் நிலையில், ஊரில் உள்ள ஒரு இயந்திரம் புது ஹெட்டுக்காகச் சென்னையை எதிர்பார்த்து நின்றால், அந்த உரிமையாளரோடு அவரை நம்பியிருக்கும் வயல்களும் காத்துக்கிடக்கின்றன.

மயிலாடுதுறை 2020 டிசம்பர் 28 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. வேளாண் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது, வாங்க மானியம் கொடுக்கிறது. வாங்கிய இயந்திரத்தைப் பழுது பார்க்கும் இடத்தையும் அது கவனிக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு நல்ல சர்ஃபேஸ் கிரைண்டர், அழுத்தச் சோதனைத் தொட்டி, கடினம் அளக்கும் கருவி, அவற்றை இயக்க ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் டீசல் படித்த இரண்டு பேர் இருந்தால் போதும், வாடகைக்கே விடலாம். உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள் வேலையை இழக்க மாட்டார்கள்; ஹெட்டைக் கொண்டுவந்து சீவி வாங்கிப் போவார்கள்.

அதுவரை, ஹெட் கழன்று மேசைமேல் கிடக்கும் நாளில் உரிமையாளர் கேட்க வேண்டியவை சில உண்டு. கோணல் எத்தனை? அழுத்தச் சோதனை செய்தீர்களா? எவ்வளவு சீவப் போகிறீர்கள்? சீவிய பின் வால்வு எவ்வளவு ஆழத்தில் இருக்கும்? லைனர் எவ்வளவு துருத்தி நிற்கிறது? இந்தக் கேள்விகளுக்கான விடைகளை மில்லிமீட்டரில், பில்லிலேயே எழுதிக் கேளுங்கள். எண் சொல்லத் தெரிந்த பட்டறையில் ஃபேசிங் போடுங்கள். சொல்ல முடியாத பட்டறையில் புது ஹெட்டைக்கூட மாட்டக் கொடுக்காதீர்கள்.